உளவளத்துணை ஆய்வுகள்: மேற்கோள் எண்ணிக்கையும் மெய்ப்பயனும்

'கவுன்சிலிங்' என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழகப் பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரிச் சேர்க்கைதான். அதனைக் 'கலந்தாய்வு' என்று அரசு விளம்பரங்களும் நாளிதழ்களும் வழக்கில் நிலைபெறச் செய்துவிட்டன. மனம் தளர்ந்த ஒருவருக்குப் பயிற்சி பெற்ற மற்றொருவர் உரையாடலின் வழியே துணைநிற்கும் கலைக்கு நம்மிடையே இன்னும் ஒரே பெயர் அமையவில்லை. 'ஆற்றுப்படுத்தல்' என்பார் சிலர். 'மனநல ஆலோசனை' என்பார் பலர். ஈழத் தமிழர் 'உளவளத்துணை' என்பர். அறிவுரை கூறுதல் என்ற பொருளை விடுத்து உடன்நிற்றல் என்ற பொருளைத் தருவதால், இக்கட்டுரையில் நாம் ஈழத்தாரின் சொல்லையே எடுத்தாள்கிறோம்.

பெயர் நிலைபெறாத இக்கலை இன்று சட்டத்தின் கட்டளையாகிவிட்டது. நீட் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதி வாய்ந்த மனநலத் துணைவர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென நெறிமுறை வகுத்தது. வரவேற்கத்தக்க தீர்ப்பு இது. எனினும், அமர்த்தப்படுபவர் எந்த அறிவைக் கொண்டு மாணவருக்குத் துணைநிற்பார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. பாடநூலும் பயிற்சியும் ஆய்விதழ்களிலிருந்து ஊறி வருபவை. ஆகவே, அவ்விதழ்களில் என்ன எழுதப்படுகிறது, யாருக்காக எழுதப்படுகிறது, அதன் பயன் எதனால் அளக்கப்படுகிறது என்பதை ஆராய்வது உளவியலாருக்கு மட்டும் உரிய வேலையன்று. மாணவரை விடுதியில் தங்கவைத்துக் கற்பிக்கும் அரபிக் கல்லூரிகளுக்கும் அது உரியதே.

துறையின் போக்கு

கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூல், துணை நாடி வருபவரை நோயாளியாகக் காணாமல், தம் வழியைத் தாமே கண்டடையக்கூடிய மனிதராகக் கண்டது. இத்துறைக்கென அமெரிக்காவில் 1954இல் ஓர் ஆய்விதழும் 1969இல் மற்றோர் இதழும் தோன்றின. தொழில் வழிகாட்டலும் திறனறி தேர்வுகளும் தொடக்கத்தில் மிகுந்திருந்தன. பின்னர் துணைவருக்கும் நாடி வருபவருக்கும் இடையிலான உறவே ஆய்வுப் பொருளாயிற்று. பண்பாட்டு வேற்றுமைகளை அறியாத துணைவர் தீங்கும் செய்யக்கூடும் என்ற உணர்வு வலுப்பெற்று, 1992இல் சூ, அரெடோண்டோ, மெக்டேவிஸ் ஆகியோர் பன்பண்பாட்டுத் திறன்களை வரையறுத்தனர்.

இவ்வளர்ச்சி பாராட்டுக்குரியது. ஆயினும் உளவியல் ஆய்வுகளின் அடித்தளத்தில் ஒரு கோணல் உண்டு. 2003 முதல் 2007 வரையிலான அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதன்மை இதழ்கள் சிலவற்றை ஆராய்ந்த ஜெஃப்ரி ஆர்னெட், ஆய்வுக்கு உட்பட்டோரில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கரே என 2008இல் எடுத்துக்காட்டினார். அந்நாட்டினரோ உலக மக்கள்தொகையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களுள் கல்லூரி மாணவர் பலர். அம்மாணவரின் மனத்தை அளந்து பெற்றது 'மனித மனம்' என்ற பொதுப் பெயரில் பொன்னேரியின் வகுப்பறை வரை வந்து சேர்கிறது.

அளவுகோல்களின் மொழிபெயர்ப்பில் இக்கோணலின் விளைவைக் காணலாம். ஆங்கிலத்தில் 'நீலமாக இருக்கிறேன்' என்றால் வருத்தம். தமிழில் 'நீலம் பாரித்தது' என்றால் விஷம் ஏறியதன் அடையாளம். இத்தகைய வெளிப்படையான பிழையை மொழிபெயர்ப்பாளர் திருத்திவிடுவார். அளவுகோலில் இடமே பெறாத துயரத்தை யார் திருத்துவது? 'நெஞ்சை அடைக்கிறது', 'மனசு ஒரு நிலையில் இல்லை', 'கண்ணேறு பட்டது', 'வஸ்வாஸ் வருகிறது' என்று நம் மக்கள் சொல்லும் துயரங்களுக்கு அந்தக் கேள்வித்தாளில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாத துயரம் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாதது ஆய்வில் இல்லாததாகிவிடுகிறது.

புகழும் மெய்ம்மையும்

ஓர் ஆய்வின் 'தாக்கம்' இன்று மேற்கோள்களால் அளக்கப்படுகிறது. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் இக்கருத்தை முன்வைத்தார். பின்னர் நூலகங்கள் எந்த இதழை வாங்குவது என முடிவெடுக்கவும் இக்கணக்கு உதவியது. ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் நடப்பாண்டில் பெற்ற மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பதே 'தாக்கக் காரணி'. இதழை அளக்கப் பிறந்த கோல், நாளடைவில் ஆசிரியரை அளக்கும் கோலாயிற்று. இப்பிறழ்ச்சியைக் கண்டித்து 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அறிஞர்கள் கூடி ஒரு பிரகடனமே வகுத்தனர்.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இச்சிக்கல் புதிதன்று. மக்கள் நாவில் பரவியிருத்தல் வேறு, ஆதாரத்தால் உறுதிப்படுதல் வேறு என்பது அக்கலையின் முதற்பாடங்களுள் ஒன்று. நாவுகளில் புகழ்பெற்ற செய்திகளைத் திரட்டி, அவற்றுள் வலுவுள்ளவை எவை, வலுவற்றவை எவை, அடிப்படையே இல்லாதவை எவை என்று பிரித்துக் காட்டவே ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்) 'அல்மகாஸிதுல் ஹஸனா'வை எழுதினார்கள். மேற்கோள் எண்ணிக்கை என்பது புகழின் கணக்கு; அதனை மெய்ம்மையின் கணக்காகக் கொள்வதை அந்த இமாம் ஏற்றிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. ஒரு கட்டுரையைப் படிக்காமலேயே, பிறர் தந்த மேற்கோள் பட்டியலிலிருந்து அதனை எடுத்துத் தாம் படித்ததுபோல் குறிப்பிடுவது ஆய்வுலகில் அறிந்த நோய். இடையிலுள்ளவரை மறைத்து, நேரில் கேட்டதுபோன்ற தோற்றம் தருவதை ஹதீஸ் கலை 'தத்லீஸ்' எனப் பெயரிட்டுக் கண்டித்தது. அறிவிப்பாளரை எடைபோடுவதில் உறவும் பாராட்டவில்லை அக்கலை. இமாம் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) தம் தந்தையையே வலுவற்ற அறிவிப்பாளர் என்றார்கள். தம் துறையினர் தம் துறையினரின் கட்டுரைகளையே மதிப்பிட்டுத் தம் இதழிலேயே வெளியிட்டுக்கொள்ளும் நம் காலத்து வழக்கத்தை அதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

இந்திய அனுபவம்

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொணர்ந்த விதிகள் ஆசிரியரின் பதவி உயர்வைப் புள்ளிகளோடு பிணைத்தன. வெளியீடுகளுக்குப் புள்ளிகள் உண்டு. தொடர் வெளியீட்டு எண் பெற்ற இதழ் என்பதே பல இடங்களில் தகுதியாகக் கொள்ளப்பட்டது. அந்த எண்ணோ இதழை அடையாளம் காட்டும் ஓர் இலக்கம் மட்டுமே, தரத்திற்கான சான்றன்று. முனைவர் பட்ட மாணவரும் ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டியிருந்தது. தேவை பெருகிய இடத்தில் சந்தை தோன்றியது. கட்டணம் பெற்றுச் சில நாட்களில் கட்டுரையை வெளியிடும் இதழ்கள் புற்றீசலாய்ப் புறப்பட்டன. இவற்றை 'வேட்டையாடும் இதழ்கள்' என்று ஜெஃப்ரி பீல் குறித்தார். ஷென், பியோர்க் ஆகியோர் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இத்தகைய இதழ்களில் 2010இல் சுமார் 53,000 ஆக இருந்த கட்டுரைகள் 2014இல் சுமார் 4,20,000 ஆயின.

மானியக் குழு 2017இல் அங்கீகரித்த இதழ்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த பகுதியிலிருந்து 1,009 இதழ்களைப் பூஷண் பட்வர்தன் குழுவினர் ஆராய்ந்து, 88 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை தரம் குறைந்தவையாக இருக்கக்கூடும் என 2018இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். அவ்வாண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. 2019இல் 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழைத் தெரிவு செய்யும் பொறுப்பு நிறுவனங்களிடமே விடப்பட்டது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டுமென்ற கட்டாயம் 2022இன் விதிகளில் நீங்கியது.

பட்டியல்கள் வந்தன, போயின. அவை உருவாக்கிய கட்டுரை வகை மட்டும் போகவில்லை. தம் கல்லூரி மாணவரிடமே ஒரு கேள்வித்தாளை நிரப்பச் செய்தல். வந்த எண்களை ஆண், பெண் என்றும் நகரம், கிராமம் என்றும் பிரித்தல். வேறுபாடு உண்டு அல்லது இல்லை எனக் கூறல். மேலும் ஆய்வு தேவை என முடித்தல். தேர்வு அச்சம், மன அழுத்தம், தன்மதிப்பு, கைப்பேசிப் பழக்கம் எனத் தலைப்பு மாறும், கட்டமைப்பு மாறாது. அந்த மாணவருக்கு யாரேனும் துணைநின்றனரா, நின்ற பின் அவர் நிலை என்னவாயிற்று என்ற வினா அங்கே எழுவதில்லை. உளவளத்துணை என்ற தலைப்பின்கீழ் உளவளமும் இல்லை, துணையும் இல்லை.

நாட்டின் நிலையோ வேறு. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பல்வேறு மனநலக் குறைபாடுகள் உள்ளோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாதிருந்ததைக் காட்டியது. கட்டுரைகள் பெருகியதற்கும் துணை பெருகாததற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே நம் விமர்சனத்தின் மையம்.

மெய்ப்பயன் தந்த ஆய்வுகள்

குறை கூறுவதோடு நின்றுவிடுதல் முறையன்று. மக்களின் வினாவிலிருந்து தொடங்கிய ஆய்வுகளும் நம்மிடையே உண்டு. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், மருத்துவர் அல்லாத உள்ளூர் மக்களைத் துணைவராகப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனியார் மருத்துவரிடத்திலும் அமர்த்திப் பார்த்தனர். 2010இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு, அரசு நிலையங்களில் நற்பயன் விளைந்ததையும் தனியார் இடங்களில் தெளிவான வேறுபாடு இல்லாமையையும் ஒருங்கே சொன்னது. பயன் தராத பகுதியை மறைக்காமையே அவ்வாய்வின் மதிப்பை உயர்த்துகிறது.

யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போரின் வடுக்களைத் தனிமனிதரின் நோயாக மட்டும் காணாது, குடும்பமும் ஊரும் சிதைந்ததன் விளைவாகக் கண்டு 1998இல் நூலாகவும், கூட்டு வடு என்ற கருத்தாக 2007இல் கட்டுரையாகவும் எழுதினார். அப்போரிலிருந்து தப்பி வந்தோர் வாழும் தமிழ்நாட்டு முகாம்களில், சென்னை 'சினேகா'வின் நிறுவனர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், தன்னார்வலரைக் கொண்டு தொடர்ந்து நலம் விசாரித்தலும் பாதுகாப்புத் திட்டம் வகுத்தலும் தற்கொலை முயற்சிகளைக் குறைக்குமா எனச் சோதித்து 2017இல் வெளியிட்டனர். 1990 முதல் கும்மிடிப்பூண்டியிலும் அத்தகைய முகாம் உள்ளமையால் இவ்வாய்வு நமக்கு நெருங்கியது.

சமயத் தலங்களைப் பற்றிய ஆய்வில் கூடுதல் கவனம் வேண்டும். ரகுராம் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து, மருந்தின்றியே நோயின் கடுமை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி மாண்டனர். பரிவோடு தங்க இடம் தரும் தலம் ஆறுதல் தரக்கூடும்; அதன் நிழலில் சங்கிலியும் வளரக்கூடும். முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுவோர் உண்மையில் பாதியையே அறிவிக்கின்றனர்.

நம் பங்கு

மேற்கத்திய உளவியலை அப்படியே பின்பற்றும் முஸ்லிம் உளவியலாரைப் பேராசிரியர் மாலிக் பத்ரீ 1979இலேயே எச்சரித்தார். ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ உடல்நலத்தோடு உளநலத்தையும் இணைத்து எழுதியதை உலகுக்கு நினைவூட்டியவரும் அவரே. அப்பணி போற்றத்தக்கது. ஆயினும், 'பல்கீ அன்றே சொன்னார்' என்பதோடு நம் உரைகள் நிறைவடைந்துவிடுகின்றன. முன்னோர் கவனித்து எழுதினர். நாமோ முன்னோரை மட்டுமே எழுதுகிறோம்.

கவனிக்க வேண்டியவை நம் வாசலிலேயே உள்ளன. மணமுறிவு கோரி மஹல்லா ஜமாஅத்தை நாடும் தம்பதியர், கணவர் வளைகுடாவில் இருக்க இங்கே தனித்து வாழும் பெண்கள், சிப்காட் தொழிற்சாலைகளில் மொழி தெரியாது உழைக்கும் ஒடிசா, பீகார் இளைஞர், பழவேற்காட்டு ஏரியை நம்பிய மீனவர், விடுதியில் வீட்டை நினைத்து ஏங்கும் ஹிஃப்ழு மாணவர் ஆகியோரிடையே உளவளத்துணை ஏதோ ஒரு வடிவில் நாள்தோறும் நடக்கிறது. இமாமும் உஸ்தாதும் ஜமாஅத் பெரியோரும் அதைச் செய்கின்றனர். எது ஆறுதல் தந்தது, எது காயப்படுத்தியது என்பது பதிவாவதில்லை. ஆலோசனையை அமானிதமாகக் கருதும் மரபில், பெயரும் அடையாளமும் வெளிவராமல் இதனைப் பதிவது கடினமன்று.

அதற்கு முன் செய்யத்தக்கவை சில உண்டு. தமிழகத்தில் எழுதப்படும் ஒவ்வோர் உளவளத்துணை ஆய்வேட்டிலும் பொதுமக்கள் படித்தறியும் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கட்டாயமாக வேண்டும். ஆய்வுக்கு உட்பட்டவரிடமே முடிவுகளை எடுத்துச் சென்று கூறும் வழக்கம் வேண்டும். பயன் தராத முயற்சிகளும் அச்சேற வேண்டும். நம் மக்கள் துயரத்தைச் சொல்லும் சொற்கள் வட்டாரம் வட்டாரமாகத் தொகுக்கப்பட்டு, அளவுகோல்கள் அச்சொற்களிலிருந்து கட்டப்பட வேண்டும். இத்தகைய உழைப்புக்குத் தாக்கக் காரணி கிடைக்காமல் போகலாம். ஆனால் நீதிமன்றத்தின் நெறிமுறைப்படி ஒரு கல்லூரியில் நாளை அமரவிருக்கும் துணைவர், 'நெஞ்சை அடைக்கிறது, ஐயா' என்று எதிரில் வந்து அமரும் மாணவரிடம் அடுத்து என்ன கேட்பது என்பதை அதிலிருந்தே கற்றுக்கொள்ள இயலும்.