ஒன்பது கட்டங்களும் மனித நஃப்ஸும்

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டாகும். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டுவர். பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலியவற்றை எண்ணால் குறிக்கும் தாளில் அதன் ஒழுக்கச் சார்பையும் எழுத வேண்டும். தொடக்கத்தில் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என மூன்றே சார்புகள் இருந்தன. பின்னர் நன்மை, தீமை என்னும் இரண்டாம் அளவுகோலும் சேர்ந்து, 1978ஆம் ஆண்டுக் கையேட்டில் அவை ஒன்பதாயின.

பிள்ளை விளையாட்டென இதனை ஒதுக்குவது முறையன்று. ஒழுங்கு வேறு, நன்மை வேறு என்று பிரித்தது கூரிய பார்வையே. நாம் வாழும் செம்பரம்பாக்கத்தின் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் தொடக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. விதிப்படியே திறந்ததாக அரசு கூறிற்று. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையோ அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. வழக்கு எவ்வாறாயினும், ‘விதிப்படி செய்தீரா?’ என்பதும் ‘நல்லது செய்தீரா?’ என்பதும் இருவேறு வினாக்கள். ஹனஃபீ சட்ட அறிஞர்கள் கியாஸின் நேர்முடிவை விடுத்து இஸ்திஹ்ஸானை நாடியதும், சட்டத்தைத் துறக்காமலே, இவ்வேறுபாட்டை உணர்ந்ததால்தான்.

குறை வேறிடத்தில் உள்ளது. ஃபிக்ஹில் ஃபர்ளு முதல் ஹராம் வரையிலான ஐந்து தீர்ப்புகளும் செயலைப் பற்றியவை. ஆளைப் பற்றியவை அல்ல. விளையாட்டோ ஆளுக்கே முத்திரை குத்துகிறது. ‘திருடிய என் வீரன் இன்னும் நல்லவனா?’ என்று ஆடுவோர் பூசலிடுவதைக் கேட்டால் பழைய பஸரா நகரத்து விவாதமே நினைவுக்கு வரும். பெரும்பாவம் செய்தவனைக் காரிஜிய்யாக்கள் காஃபிர் என்றனர். முர்ஜிஆக்கள் தீர்ப்பை இறைவனிடம் விட்டனர். வாஸில் இப்னு அதா இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையை வகுத்தார். இன்றும் நம் மேடைகளில் சக முஸ்லிமுக்கு முத்திரை குத்த விரைவோர் குறைவில்லை.

முத்திரை ஓர் ஆளோடு நிற்பதுமில்லை. ஓர்க், டிரௌ முதலிய கற்பனைக் குலங்கள் முழுமையுமே தீயன என நெடுங்காலம் எழுதப்பட்டன. அவ்வருணனைகள் மெய்யுலக இனத்தார் இழிவுபடுத்தப்பட்ட முறையை நினைவூட்டுவதாக 2020இல் வெளியீட்டு நிறுவனமே ஒப்புக்கொண்டது. வாடகை வீடு தேடும்போது பெயரைச் சொன்னதும் முகம் மாறக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குர்ஆன் பேசும் நஃப்ஸ், தீமைக்குத் தூண்டுவதாகவும், தன்னையே பழிப்பதாகவும், அமைதியடைந்ததாகவும் அமைகிறது. சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் உமரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நபிகளாரைக் கொல்ல வாளேந்திப் புறப்பட்டவர், தங்கையின் இல்லத்தில் இறைவசனம் அறிந்து உள்ளம் மாறி ஈமான் கொள்கிறார். இம்மாற்றமே அப்பகுதிக்கு உயிர். 1979ஆம் ஆண்டு வெளிவந்த, ஆட்டம் நடத்துவோர்க்கான கையேடோ, சார்பு மாறும் பாத்திரத்திற்கு ஒரு படிநிலையைப் பறித்தது. நன்மையை நோக்கி மாறினாலும் தண்டம் உண்டு. பின்வந்த பதிப்புகள் அதனைக் கைவிட்டமை பொருத்தமே. எனினும் சார்பை எழுதும் இடம் தாளில் இன்றும் இருக்கிறது.