மெய்ப்புத் தாளின் ஓரம்

நூல் அச்சேறும் முன் பிழை பார்ப்பதற்காகப் பதிப்பகத்தார் எடுக்கும் சோதனைப் படியே மெய்ப்பு. அச்சக வழக்கில் புரூஃப். மூலப்படியை ஒருவர் காற்புள்ளியையும் விடாமல் ஒரே சீரான குரலில் வாசிக்க, மற்றவர் சிவப்புப் பேனாவின் முனையை எழுத்தெழுத்தாக நகர்த்திச் செல்லும் அந்த நிதானத்தில் ஓர் அழகு உண்டு. பொருளிலேயே மனம் தோய்ந்த நூலாசிரியர் காணத் தவறிய பிழையை, கதையின் சுவைக்குச் சற்றும் இடங்கொடாத இந்தக் கண் பிடித்துவிடுகிறது. ‘வேலை கொடு’ என்பதில் ஒரு ககர ஒற்று கூடுதலாக நுழைந்து, பணி கேட்டவனை ஈட்டி கேட்பவனாக்கியிருப்பதும் அதற்குத் தப்புவதில்லை. ரகர றகர மயக்கத்தில் மட்டும் காது அவ்வளவாக உதவுவதில்லை.

நீக்கலுக்கு ஒரு சுழி, சேர்த்தலுக்கு ஒரு கூரை எனச் சொரசொரப்பான தாளின் ஓரம் மெல்லச் சிவக்கிறது. ஐயமுள்ள இடத்தில் திருத்துவோர் திருத்தாமல் கேள்விக்குறி மட்டும் இட்டு நகர்வதும், ஆசிரியர் அதனருகே ‘இருக்கட்டும்’ என்று எழுதி அனுப்புவதும் இத்தொழிலின் மிக நாகரிகமான உரையாடல் எனலாம்.