காத்திருப்பின் விலை: தோட்டப்புறத் தொடர்கதையும் இணையத் தொடர்கதையும்

தொடர்கதை வாசகர் எதற்காகப் பணம் செலவிடுகிறார்? கதைக்காக என்பதே உடனடியாகத் தோன்றும் விடை. பேராக் மாநிலத் தோட்டப்புற வாசிப்பையும் இன்றைய இணையவழி வாசிப்பையும் ஒப்புநோக்கின் அவ்விடை முழுமையானதன்று என்பது புலனாகும்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ போன்ற தொடர்களை வாசகர் வாரந்தோறும் சேர்த்து, தைத்து, அட்டையிட்டு வைத்துக்கொண்டனர். இதழுக்கு ஒரு செலவு. நூலாகக் கட்டுவதற்கு மற்றொரு செலவு. இவ்விரண்டாம் செலவை எவரும் வற்புறுத்தவில்லை. கதை தமக்குரியதாகவும் பிறருக்குக் கொடுக்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும் என்னும் விருப்பமே அதற்குக் காரணம்.

மலேசியத் தோட்டப்புறத்தில் இப்பகிர்வு மேலும் விரிந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழின் ஞாயிறு பதிப்பு, லயத்தில் ஒரு வீட்டிற்கு வந்தாலே போதுமானதாக இருந்தது. 1980களில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் வாழ்ந்த இக்கட்டுரையாளரின் பாட்டி எழுத்தறியாதவர். ஆயினும் எந்தத் தொடரையும் தவறவிட்டதில்லை. பள்ளிப் பிள்ளை ஒருவர் உரக்கப் படிக்க, பால்மரம் சீவித் திரும்பிய பெண்கள் ஐந்தாறு பேர் சூழ்ந்திருந்து கேட்பர். கதாநாயகி செய்தது சரியா என்னும் வழக்கு அடுத்த ஞாயிறுவரை பிரட்டுக் களத்திலும் தொடரும். காத்திருப்பு அங்கே எல்லாருக்கும் பொதுவாயிருந்தது, அதற்கு விலையில்லை.

இணையத் தொடர்கதை வாணிகம் இக்காத்திருப்பையே விலைப்பொருளாக்கியது. சீனாவின் சீதியான் தளம் 2003இல் அத்தியாயந்தோறும் கட்டணம் பெறத் தொடங்கியது. காத்திருப்பவர் இலவசமாகப் படிக்கலாம், காத்திருக்க இயலாதவர் பணம் செலுத்தலாம் என்னும் முறையைத் தென்கொரியாவின் காக்காவோபேஜ் 2014இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு பெங்களூரில் தோன்றி, தமிழ் வாசகரிடையேயும் பரவிய பிரதிலிபியிலும் கட்டணச் சந்தாவும் நாணயங்களும் உள்ளன. இங்கு செலவைத் தூண்டுவது அத்தியாய இறுதியில் எழும் தவிப்பே. பணம் செலுத்தித் திறந்த அத்தியாயத்தைத் தைத்து அடுத்த வீட்டிற்குக் கொடுக்க இயலாது.

இதனைக் கொண்டு இணையத்தைப் பழிப்பது முறையாகாது. இதழாசிரியரின் வாயிலைக் கடக்க இயலாத பெண்கள் பலர் இன்று இணையத்தில் எழுதுகின்றனர். சிலர் வருவாயும் பெறுகின்றனர். அச்சுத் தொடரும் ‘தொடரும்’ என்னும் சொல்லால் வாசகரை மீண்டும் கடைக்கு இழுத்ததே.

சிக்கல் திறனாய்வில்தான் எழுகிறது. வாசிப்பு எண்ணிக்கையையும் செலவான நாணயங்களையும் படைப்பின் தகுதிக்குச் சான்றாகக் கொள்வது எளிது. எண்கள் ஆய்வேட்டிற்கு உறுதியான தோற்றத்தைத் தருகின்றன. ஆனால் அவை அளப்பது பொறுக்க இயலாமையை; படித்தபின் மனத்தில் தங்கியதை அன்று. அவ்வளவுகோலின்படி, ஒரு காசும் செலவிடாது, ஓர் எழுத்தும் படிக்காது, ஒரு தொடரை ஆண்டுக்கணக்கில் நினைவிலிருந்து மீட்டுச் சொன்ன அப்பாட்டியின் ஈடுபாடு சுழியமாகும்.

ஈப்போவின் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த தோட்டக் குடும்பங்களின் பெயர்த்திகள் இன்று கைப்பேசியில் தொடர்கதை படிக்கின்றனர். எத்தனை அத்தியாயங்களைத் திறந்தனர் என்பதோடு, எதனை யாரிடம் மீண்டும் சொன்னார்கள் என்பதையும் நம் ஆய்வாளர் கேட்டறிதல் வேண்டும். அவ்வினாவிற்கான விடை தளங்களின் கணக்கில் இல்லை, வீடுகளில் உள்ளது.