ஸிராத்: பாலம் இருக்கிறது, கேள்வி கணக்கு?

‘ஸிராத்துல் முஸ்தகீம் பாலம்’ என்று உம்மம்மாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மயிரை விட மெல்லிசு, வாளை விடக் கூர். கீழே நரகம், அந்தப் பக்கம் சுவர்க்கம். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கொடுத்த மாடு அன்றைக்கு நம்மை முதுகில் ஏற்றிக் கடத்திவிடும் என்பார்கள். (அதற்கு ஆதாரம் பலமில்லை என்று மௌலவிமார் பிறகு திருத்தினார்கள். மாடு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.) அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, தொடக்கத்திலேயே அந்தப் பாலத்துக்கு விளக்கமும் எழுதிக் காட்டிக்கொண்டு ஒரு ஸ்பானியப் படம் வந்திருக்கிறது. ஒலிவர் லாஷே இயக்கிய ‘ஸிராத்’. 2025 கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்ட படம்.

படம் தொடங்குவது மறுமையில் அல்ல, ஒலிபெருக்கிப் பெட்டிகளில். மொரோக்கோவின் பாலைநிலத்தில் சில கைகள் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றன, வயர்களைப் பூட்டுகின்றன. பிறகு நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற மின்னணு இசை, அதற்கு ஆடும் நூற்றுக்கணக்கான ஐரோப்பியர். அனுமதி எதுவும் இல்லாமல் ஒதுக்குப்புறமாகக் கூடி நாட்கணக்கில் ஆடும் இந்தக் கூட்டத்துக்குத்தான் ‘ரேவ்’ என்று பெயர். அந்தக் கூட்டத்துக்குள் லூயிஸ் என்ற ஒரு தகப்பன், காணாமல் போன மகளின் படத்தை நீட்டிக்கொண்டு திரிகிறான். கூடவே சின்ன மகன் எஸ்தபான். இருவரும் அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதவர்கள்.

இந்த உலகத்தைத் திரைப்படங்கள் புதிதாகக் காட்டவில்லை. ‘ஹியூமன் டிராஃபிக்’ (1999) கார்டிஃப் இளைஞர்களின் ஒரு வார இறுதியைச் சிரிப்பும் போதையுமாகச் சொன்னது. ‘வீ ஆர் யுவர் ஃபிரெண்ட்ஸ்’ (2015) டீஜே ஒருவன் முன்னுக்கு வரும் கதை. மனித இதயத்தையும் நிமிஷத்துக்கு 128 அடியையும் வைத்துப் பாடம் நடத்தும் காட்சியைத் தவிர அதில் ஒன்றும் நினைவில் நிற்காது. ‘ஈடன்’ (2014) இருபது வருஷம் இசையே கதியென்று கிடந்த ஒருவன் கடனோடு விழிப்பதைக் காட்டும் நேர்மையான படம். ‘பீட்ஸ்’ (2019) 1994இல் பிரித்தானியா இத்தகைய கூட்டங்களைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்த காலத்து ஸ்கொட்லாந்தைச் சொல்கிறது. இவற்றில் ஆட்டம் ஒன்றில் இளமைக் கோலாகலம், அல்லது தொழில், அல்லது அரசாங்கத்தோடு ஒரு மல்லுக்கட்டு.

லாஷே அதைத் தேடலாகப் பார்க்கிறார். அவர் நடிக்க வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தொழில் நடிகர்கள் இல்லை, உண்மையிலேயே இந்தக் கூட்டங்களோடு அலைந்தவர்கள். ஒருவருக்கு ஒரு கை இல்லை, இன்னொருவருக்கு ஒரு கால் இல்லை. கமெரா அவர்களை வேடிக்கை பார்ப்பதும் இல்லை, பாவம் என்று உச்சுக்கொட்டுவதும் இல்லை. போதையைப் பற்றிப் பிரசங்கமும் கிடையாது. வீடுவாசலை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் வீடாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். இசை ஹலாலா ஹராமா என்ற பழைய வழக்கை நான் இங்கே திறக்கப் போவதில்லை. ஆனால் றாத்திபு மஜ்லிஸில் தஃபின் அடி ஏற ஏறத் தன்னை மறந்து அசையும் மனிதர்களைப் பார்த்த எவருக்கும் முதல் இருபது நிமிஷம் முழுக்க அந்நியமாக இருக்காது. லாஷேயும் அந்த ஒற்றுமையைத் தெரிந்தேதான் செய்கிறார். ஓரிடத்தில் தொலைக்காட்சித் திரையில் கஃபாவை வலம்வரும் ஜனத்திரள் தெரிகிறது. எனக்கு அந்த இடம் உறுத்தியது. தவாஃப் செய்கிறவருக்கு எதைச் சுற்றுகிறோம் என்று தெரியும். ஒலிபெருக்கிச் சுவரின் முன்னால் ஆடுகிறவர்களுக்கு அது தெரியாமல் இருப்பதுதான் இந்தப் படத்தின் சோகமே. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்தச் சோகம் மழுங்கிப் போகிறது.

இனிமேல் கதையைச் சொல்லாமல் எழுத முடியாது, பார்க்க இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இராணுவம் வந்து கூட்டத்தைக் கலைக்கிறது. எங்கோ பெரிய யுத்தம் மூண்டுவிட்டதாக வானொலி சொல்கிறது. தெற்கே இன்னொரு ரேவை நோக்கித் தப்பியோடும் லொறிகளின் பின்னால் லூயிஸும் தன் வேனை விடுகிறான். மலைப்பாதையில் வேன் பின்னுக்கு உருண்டு, உள்ளே இருந்த எஸ்தபானோடு பள்ளத்தில் விழுகிறது. அதன் பிறகு ஒரு வெட்டவெளி. துக்கம் தாளாமல் அங்கேயே பெட்டிகளை இறக்கி ஆடுகிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஜேட் என்ற பெண்ணின் காலடி வெடிக்கிறது. அவர்கள் நிற்பது மிதிவெடி வயலில்.

லூயிஸ் எதையும் யோசிக்காமல் நடந்து அக்கரை போய்விடுகிறான். அவனைப் பார்த்து நடந்த பிகுய் வெடித்துச் சிதறுகிறான். மிஞ்சிய இருவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்து தப்புகிறார்கள். லாஷேயின் பாலம் இதுதான். எல்லாவற்றையும் இழந்தவனுக்குப் பயம் போய்விடுகிறது, பயம் போனவன் கடக்கிறான். அந்தக் காட்சியில் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். தவக்குலின் சாயல் அதில் உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்றல்லவா நமக்குச் சொல்லப்பட்டது?

பெரிய சிக்கல் அதற்கும் அப்பால். நாம் அறிந்த ஸிராத்தில் ஒருவர் மின்னலாய்க் கடப்பார், ஒருவர் காற்றாய், ஒருவர் குதிரை வேகத்தில், ஒருவர் தவழ்ந்து. அந்த வேகம் அவரவர் அமலைப் பொறுத்தது. மிதிவெடிக்கு அமல் தெரியாது. கால் வைத்த இடம்தான் தெரியும். பிகுய் செய்த குற்றம் என்ன, லூயிஸ் செய்த நன்மை என்ன? படத்தில் பாலம் இருக்கிறது, கேள்வி கணக்கு இல்லை.

கேள்வி என்று ஒன்று வந்தால் முதலில் வர வேண்டியது, இந்த வெடிகளைப் புதைத்தது யார் என்பது. மொரோக்கோவின் தெற்கே, மவுரித்தானியா போகும் திசையில் கிடப்பது மேற்கு சஹாரா. 1975 வரை அது ஸ்பெயினின் காலனி. ஸ்பெயின் அதை மொரோக்கோவுக்கும் மவுரித்தானியாவுக்கும் கைமாற்றிவிட்டுக் கழன்றுகொண்டது. பிறகு பொலிசாரியோ முன்னணிக்கும் மொரோக்கோவுக்கும் 1991 வரை யுத்தம். மொரோக்கோ எழுப்பிய மணல் அரண் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளம், அதை ஒட்டிய நெடுகிலும் மிதிவெடி. சஹ்ராவி மக்கள் தலைமுறை தலைமுறையாக அல்ஜீரியாவின் திந்தூஃப் முகாம்களில். இதில் ஒரு வரி கூடப் படத்தில் கிடையாது. ஸ்பானிய இயக்குநர் ஒருவருக்கு இந்த வரலாறு தூரத்து விஷயமும் அல்ல.

படம் நாட்டின் பெயரைச் சொல்லவில்லை, அது உருவகம் என்பார்கள். மீளக்குடியேற முசலிப் பக்கம் போனபோது சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு முன்னால் நின்ற நம் ஜனங்களிடம் மிதிவெடி உருவகம் என்று சொல்லிப் பாருங்கள்.

லாஷே இதெல்லாம் அறியாதவரும் அல்ல. ஆண்டுக்கணக்கில் மொரோக்கோவில் வாழ்ந்தவர். அவருடைய ‘மிமோசாஸ்’ (2016) அட்லஸ் மலையில் ஒரு ஷெய்கின் இறுதிப் பயணத்தைச் சொன்ன படம். அதன் பகுதிகளுக்கே ருகூஉ, கியாம், ஸுஜூத் என்று தொழுகை நிலைகளின் பெயர். அங்கே அந்த மண்ணின் ஆட்களே கதையை நடத்தினார்கள். அந்தக் கமெரா இந்தப் படத்தில் எங்கே போனது?

முஸ்லிம்களை நடுவில் வைத்த ரேவ் படம் இல்லாமல் இல்லை. ‘ரேவிங் இரான்’ (2016) என்ற ஆவணப்படம் தெஹ்ரானில் ஒளிந்து இசை நடத்தும் இரண்டு இளைஞர்களைத் தொடர்ந்தது. சில காட்சிகள் கைத்தொலைபேசியில் களவாக எடுத்தவை. இசைத்தட்டுக்கு அனுமதி கேட்டு அவர்கள் அமைச்சு அலுவலகத்தில் காத்திருக்கும் இடம் நம் ஊர்க் கந்தோர்களை ஞாபகப்படுத்திச் சிரிக்க வைத்தது. ஆனால் அங்கே கணக்கு முன்கூட்டியே எழுதியாயிற்று. மார்க்கம் என்றால் பூட்டிய கதவு, சூரிச் என்றால் வெளிவாசல். ஒரு படத்தில் முஸ்லிம் பூமி மனிதரில்லாத மேடை, மற்றதில் தப்பியோட வேண்டிய சிறை.

‘ஸிராத்’தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒலிக்காகவே நல்ல திரையரங்கில் பார்க்க வேண்டிய படம், எஸ்தபானின் மரணத்துக்குப் பிறகான மௌனம் இலேசில் விட்டுப் போகாது. கடைசியில், தப்பிய மூன்று பேரும் ஒரு ரயிலின் மேல் குந்தியிருக்கிறார்கள். சுற்றிவர அந்த நாட்டு ஆண்களும் பெண்களும், மூட்டை முடிச்சுகளோடு. இரண்டு மணித்தியாலத்தில் அவர்கள் இவ்வளவு நெருக்கமாகத் தெரிவது அங்கேதான். அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை.