ரிஃபிஃபி: இரண்டு மௌனங்கள்

ஜூல்ஸ் டாஸினின் 'ரிஃபிஃபி' (1955) பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக அந்த அரை மணி நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பாரிஸ் நகைக்கடை ஒன்றின் மேல்மாடித் தரையைத் துளைத்துத் திருடர்கள் இறங்குகிறார்கள். வசனம் இல்லை, இசை இல்லை. துளைவழியே விட்டு விரித்த குடை உதிரும் காரையை ஏந்திக்கொள்கிறது. எச்சரிக்கை மணியைத் தீயணைப்பானின் நுரை அடைக்கிறது. ஜார்ஜ் ஓரிக் இப்பகுதிக்கு இசை எழுதியிருந்தார். இசையோடும் இசையின்றியும் பார்த்தபின், வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். அகஸ்த் லெ ப்ரெத்தோனின் நாவலில் சில பக்கங்களே வரும் திருட்டு, படத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இதை உத்தி என்று மெச்சி நிறுத்திக்கொண்டால் படத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தவர்களாவோம்.

1951இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் எட்வர்ட் டிமிட்ரிக் என்ற சக டைரக்டர் டாஸினைக் கம்யூனிஸ்ட் என்று பெயர் சொன்னார். ஹாலிவுட் கதவடைத்தது. பிரான்ஸில் கிடைத்த ஒரு படமும் அமெரிக்க நிர்ப்பந்தத்தால் கைநழுவிப் போயிற்று. 1950க்குப் பிறகு அவருக்கு வாய்த்த முதல் படம் இதுதான்.

படத்திலும் ஒருவன் பெயர் சொல்கிறான். பெட்டகம் திறப்பதில் நிபுணனான சீஸர், திருட்டு மோதிரமொன்றைப் பாடகிக்குக் கொடுத்து எதிரிக் கும்பலிடம் அகப்படுகிறான். பயத்தில் கூட்டாளி மரியோவைக் காட்டிக்கொடுக்கிறான். மரியோவும் அவன் துணைவியும் டோனியைக் காட்டிக்கொடுக்காமல் சாகிறார்கள். பிறகு, கட்டிப்போடப்பட்டிருக்கும் சீஸரை டோனி சுட்டுக் கொல்கிறான். அவனிடம் பிரியம் உண்டு. ஆனால் விதி இருவருக்கும் தெரியும்.

சீஸராக நடித்திருப்பவர் டாஸினேதான், பெர்லோ வீட்டா என்ற பெயரில். வரவேண்டிய இத்தாலிய நடிகர் வராததால் நேர்ந்த ஏற்பாடு அது. இருந்தும், காட்டிக்கொடுக்கப்பட்டவரே காட்டிக்கொடுப்பவனின் முகத்தை அணிந்து தூணோடு நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. பிற நண்பர்களைக் காட்டிக்கொடுத்த தம் நண்பர்களை நினைத்தே அக்காட்சியை அமைத்ததாக டாஸின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் சீஸரை அவர் அற்பனாக்கவில்லை. விதியைக் காக்கும் டோனியையும் புனிதனாக்கவில்லை: பழைய காதலியைப் பெல்ட்டால் அடித்தவன் அவன். பழிவாங்கும் படமாகச் சுருங்கியிருக்கக்கூடிய ஒன்று இந்த இடத்தில்தான் கலையாகிறது.

அந்த அரை மணி நேரமும் இங்கேதான் அர்த்தம் கொள்கிறது. நான்கு பேரின் உயிர் ஒருவர் மற்றவரின் மௌனத்தில் தொங்கியதை நாம் மூச்சடக்கிப் பார்த்திருந்தோம். சீஸர் வாய் திறந்து சொல்லும் ஒரு பெயர் எவ்வளவு கனமானது என்பது அதனால்தான் நமக்கு உறைக்கிறது.