பங்குனிப் புங்கம்

மாசி முடிவதற்குள் புங்கம் தன் பழைய இலையையெல்லாம் கொட்டிவிடும். மொட்டையாக நிற்பது சில நாள்தான். அந்தச் சில நாளில் வெளியூர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன். தளிரை ஒரு வாரம் தாமதமாகப் பார்த்தால் பார்த்த கணக்கிலேயே சேராது. முதலில் கிளை நுனிகளில் ஒரு செம்பு நிறம் தட்டும். கண்ணை உறுத்தாத, கொஞ்சம் ஊதா கலந்த செம்பு. இலை விரிய விரிய அந்தச் சிவப்பு வடிந்து, மஞ்சள் ஓடிய இளம்பச்சை ஏறும். அந்தப் பச்சையை வேறெந்த மரத்திலும் நான் கண்டதில்லை. சிற்றிலைகள் அப்போது விறைத்திருக்காது. துவண்டு தொங்கும், அத்தனையும் பளபளக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் கரும்பச்சை பிடித்து, மரம் நிழல் கொடுக்கும் வேலைக்குப் போய்விடும். எல்லாரும் புகழ்கிற புங்க நிழல் அதற்குப் பின்னால் வருவது. எனக்கு வேண்டியது அதற்கு முந்திய நாட்கள்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. தூரத்தில் நின்று முழு மரத்தையும் பார்ப்பவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு, வெயில் இன்னும் சாய்வாக இருக்கும்போது, மரத்தின் மேற்குப் பக்கம் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒளி இலையின் மேல் படுவது வேறு, இலைக்குள் புகுந்து நம்மிடம் வருவது வேறு. இரண்டாவதற்குத்தான் புங்கம். நரம்புகள்கூடத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் தலைக்கு ஏறிவிட்டால் அந்த ஒளி போய்விடும். திரும்பவும் சாயங்காலம் ஐந்துக்கு மேல், இந்த முறை கிழக்குப் பக்கம் நின்று. காலை ஒளிதான் எனக்கு உயர்வு. சாயங்காலம் காற்று கிளம்பி இலைகளை நிலைகொள்ள விடாது.

‘நம்மூரில் வசந்தம் என்று ஒன்று உண்டா, பனிக்குப் பிறகு நேரே வெயில்தானே’ என்று சலித்துக்கொள்பவர்கள் பூவைத் தேடிப் போகிறவர்கள். மே மாதம் ஊட்டிக்குப் போய், 1848-ல் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வந்தால்தான் அவர்களுக்கு வசந்தம் ஆகும். பூங்கா மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் சமவெளியின் இளவேனில் பூவில் தொடங்குவதில்லை, இலையில் தொடங்குகிறது. பங்குனியில் வேம்பு செந்தளிர் விடுகிறது. மாவின் தளிர் தாமிரமாகத் துவண்டு தொங்குகிறது. வரிசையாக நட்டு யாரும் ஏறிட்டுப் பார்க்காத நெட்டிலிங்கம்கூட அப்போது நுனியெல்லாம் பளிச்சென்ற செம்பாக நிற்கும். பச்சையம் முழுதாக ஊறும்வரை கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காப்பது ஆந்தோசயனின் என்ற அந்தச் சிவப்பு நிறமிதான் என்பார்கள். காரணம் எதுவானாலும், அந்த மூன்று வாரம் மேலே பார்த்து நடக்கிறவனுக்கு வசந்தம் இல்லை என்று சொல்ல வாய் வராது.

சரக்கொன்றை ரசிகர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. சித்திரையில் கொன்றை பூத்தால் நானும் நின்றுவிட்டுத்தான் போவேன். ஆனால் கொன்றை தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் மரம். தேடிப் பார்க்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் தெருக்களைச் சிவப்பாக்கும் மயில்கொன்றைக்கும் இதேதான். அரச மரத்துக்காரர்கள் வலுவானவர்கள். அரசந்தளிரின் இளஞ்சிவப்பையும், நீளக் காம்பில் அது நடுங்குவதையும் சொல்லி மடக்கிவிடுவார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர் நடுவில் நிற்கும் அரசு எட்டாத உயரத்தில் தளிர்க்கிறது. புங்கத்தின் கிளை தாழ்ந்து முகத்துக்கு நேரே வந்து நிற்கும். கையில் ஏந்திப் பார்க்கலாம். இன்னொன்று, ஒரே தெருவில் ஒரு புங்கம் மொட்டையாக, அடுத்தது தளிராக, மூன்றாவது பூவோடு நிற்கும். ஒன்றைத் தவறவிட்டவனுக்கு இன்னொன்று கிடைக்கும். இந்தத் தாராளம் வேறு எந்த மரத்துக்கு உண்டு?

பூவையும் சொல்லிவிட வேண்டும். தளிர் முற்றுகிற நேரத்தில் கொத்துக் கொத்தாக வரும்; வெள்ளையில் லேசாக ஊதா. மரத்தில் இருக்கும்போது இலைக்குள் மறைந்திருக்கும், தேனீக்களின் இரைச்சலை வைத்துத்தான் பூத்திருப்பது தெரியும். விடிந்து பார்த்தால் தரை முழுக்கக் கிடக்கும். சங்கப் புலவர்களுக்கு அது பொரியாகத் தெரிந்தது, அதற்கு மேல் ஒரு உவமை தேவைப்படவில்லை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலையில் இளவேனிற் பத்து என்றே ஒரு பத்து இருக்கிறது. பருவம் வந்துவிட்டது, போனவர் வரவில்லை என்று தலைவி ஏங்கும் அந்தப் பாடல்களில் புன்குக்கும் இடம் கொடுத்திருக்கிறார். பூவோடு நிறுத்தாமல் அதன் தளிரையும் சொல்லியிருக்கிறார். என் கட்சிக்கு அவ்வளவு பழைய ஆள் ஒருவர் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இதற்காகவே பங்குனியில் போகிற ஒரு நடை இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து சீர்காழி போகும் பாதையில் வைத்தீஸ்வரன்கோயிலில் இறங்கிக்கொள்வது. அங்கே தலமரம் வேம்பு. அதைப் பார்த்துவிட்டு மேற்கே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடந்தால் திருப்புன்கூர், நந்தனாருக்காக நந்தி விலகிய ஊர். அங்கே தலமரம் புங்கம். வேம்பிலிருந்து புங்கத்துக்கு ஒரு நடை. இரண்டும் ஒரே பருவத்தில் தளிர்ப்பவை. இதைவிடப் பொருத்தமான இளவேனில் யாத்திரை எனக்குத் தெரியாது. சம்பா அறுவடை முடிந்த வயல்களில் அப்போது உளுந்தும் பயறும் காய்த்திருக்கும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் தெளித்துவிட்ட விதை அது. மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் குடித்தே விளைந்துவிடும். வாய்க்கால் வறண்டு கிடக்கும், மேட்டூர் திறக்க ஜூன் ஆகும். அந்த வறட்சிக்கு நடுவே இவ்வளவு ஈரமான ஒரு பச்சை எங்கிருந்து வருகிறது என்று நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். ஆழ வேர் என்பது பதில்தான். வியப்பை அது குறைக்கவில்லை.

நடைக்குக் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் தலைக்கு ஒரு துண்டும் போதும். கூட்டமாகப் போகாதீர்கள். பேச்சு வளர்ந்தால் யாரும் மேலே பார்ப்பதில்லை.

வீட்டில் என் தோட்டம் சிறியது. கார்த்திகையில் கவாத்து செய்த குண்டுமல்லி பங்குனியில் அரும்பு கட்டுகிறது, தையில் நுனி கிள்ளிய கறிவேப்பிலை புதுத் துளிர் விடுகிறது. மல்லியை நம்பியே தோட்டம் போடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய வசந்தம் மாலை ஆறு மணிக்கு மூக்கு வழியாக வருகிறது, அதில் எனக்கும் பங்கு கிடைக்கிறது. ஆனால் தோட்டத்தை நடத்துவது கொல்லை மூலையில் நிற்கும் புங்கம்தான். அது கொட்டிய சருகு தொட்டிகளுக்கெல்லாம் மூடாக்கு. கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலையை அது பாதியாக்குகிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயோடு புங்கெண்ணெய் கலந்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளிக்கிறேன். வேரில் முடிச்சுக் கட்டித் தழைச்சத்தைச் சேர்க்கிற மரம் அது. பழைய உழவர்கள் நாற்று நடுவதற்கு முன் புங்கந்தழையை வெட்டிச் சேற்றில் மிதித்தது அனுபவம் சொல்லிக்கொடுத்த கணக்கு.

இப்போது தெருவுக்குத் தெரு கேட்கிற குறை ஒன்றுதான்: ‘குப்பை போடுகிறது’. வாசல் பெருக்குகிறவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. அதற்காக மரத்தையே வெட்டுவதும், அந்த இடத்தில் வருடம் முழுக்க ஒரே பச்சையாக நிற்கும் கோனோகார்பஸை வைப்பதும் எந்த வகையில் நியாயம்? குஜராத் அரசு 2023-ல் அந்த மரத்தை நடத் தடை போட்டது. மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது, வேர் குழாய்களைக் கெடுக்கிறது என்ற காரணங்களைச் சொன்னார்கள். என் வழக்கு அதைவிட எளியது. இலை உதிராத மரத்துக்குத் தளிரும் திருவிழாவாக வராது. நர்சரிகளில் இன்று ‘இலை கொட்டாத செடி’ என்பதையே விற்பனைச் சொல்லாக வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் மின்கம்பிக்காகக் கிளை கழிக்க வந்தவர்கள், சரியாகத் தளிர் விரிந்த வாரத்தில், வரிசையாக நின்ற புங்கங்களை ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டுப் போனார்கள். ஐப்பசியில் வந்திருந்தால் கிளை போயிருக்கும், அவ்வளவுதான். பங்குனியில் வந்ததால் அந்தத் தெருவுக்கு ஒரு வருடத்து வசந்தமே போயிற்று. கிளை கழிக்கவும் ஒரு பஞ்சாங்கம் வேண்டும் என்று சொன்னால் கேட்பார் இல்லை.

ஆடி வந்தால் அதே இலையில் பூச்சி துளைத்த வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும், சிலந்திப்பேன் கடித்த இடமெல்லாம் முண்டும் முடிச்சுமாகப் புடைக்கும். சிலருக்கு அது நோய் பிடித்த மரமாகத் தெரிந்து, கோடரி எடுக்க இன்னொரு சாக்காகிறது. மரத்துக்கு அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அடுத்த மாசியில் அத்தனை இலையையும் உதறிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

நட விரும்புகிறவர்களுக்கு: சென்ற வருடப் பூவின் காய்கள் இந்தப் பங்குனி, சித்திரையில்தான் முற்றிப் பழுப்பாகும். அவை தானாக வெடிக்காது, தட்டி உடைக்க வேண்டும். பெரும்பாலும் உள்ளே ஒரே விதை. பழைய விதை முளைப்பது குறைவு, அந்த வருடத்து விதையாகவே எடுங்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பையில் ஊன்றினால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஆடிப் பட்டத்து மழையில் இடம் மாற்றுங்கள். மின்கம்பிக்கு நேர் கீழே வேண்டாம், வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் வையுங்கள், காலை வெயில் மரத்தின் வழியாக உங்கள் ஜன்னலுக்கு வரும்படி.