சீகிரியாப் பெண்களின் விரல்கள்

சீகிரியாப் பெண்கள் யார் என்ற கேள்வியோடேயே நம் கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. விகாரைக்குப் போகும் அரசகுலப் பெண்கள் என்றார் பெல். தேவமகளிர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மின்னலும் முகிலும் என்றார் பரணவிதான. யாராகவும் இருந்துட்டுப் போகட்டும். பூவைப் பிடித்திருக்கும் விரல்களை யார் பார்த்தது? ஒருத்திக்கு மூன்றாவது கையும் தெரிகிறது. முதலில் வரைந்ததை ஓவியன் மாற்றியிருக்கிறான். 5ஆம் நூற்றாண்டில் ஒருவன் பட்ட பாடு அது.

இறக்கக்கண்டியிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால், "அந்தப் படத்துக்கிட்ட ஏத்த வேணாம் சேர், உடுப்பில்லாம நிக்கிறாங்க" என்கிறார்கள் பெற்றோர். ஏத்தத்தான் வேணும். 1967இல் யாரோ சாயம் பூசி அழிக்கப் பார்த்த படங்கள். மிஞ்சியதை நாமே மறைப்பதா? கண்ணாடிச் சுவரில் அன்று இவற்றைப் பார்த்துப் பாட்டெழுதியவர்களில் பெண்களும் உண்டு. நம் பிள்ளைகள் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோய் அந்த விரல்களை வரைந்து பார்க்கட்டும்.